காற்று லைன் எஃப்ஆர்எல்: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

கோவை கணபதிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. காலை 10 மணி ஆனால் போதும், அங்கிருந்த விஎம்சி (உலோகத்தை வெட்டும் கம்ப்யூட்டர் மிஷின்) 'ஏர் பிரஷர் லோ' என்று அலாரம் போட்டு நின்றுவிடும். நான் போய்ப் பார்த்தேன். மிஷினுக்குப் பின்னால் எஃப்ஆர்எல் இருந்தது, அதாவது காற்றைச் சுத்தம் செய்யும் ஃபில்டர், அழுத்தத்தை வைத்த அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர், ஆயில் கலக்கும் லூப்ரிகேட்டர் மூன்றும் சேர்ந்த யூனிட். அதன் கேஜ் ஊசி 6 கிலோவில் அசையாமல் நின்றது. "பாருங்கண்ணா, பிரஷர் ஃபுல்லா இருக்கு. சென்சார்தான் போயிருக்கும்" என்றான் ஆப்பரேட்டர் தம்பி. பிரஷர் சுவிட்சை ஏற்கெனவே ஒரு தடவை மாற்றியும் ஆயிற்றாம்.

"டூல் சேஞ்ச் கொடுப்பா, நான் ஊசியைப் பார்க்கிறேன்" என்றேன். டூலை விடுவிக்கும் அந்த நொடியில் ஊசி 4-க்கும் கீழே விழுந்தது. அடுத்த நொடி 6-க்கு ஏறி, ஒன்றுமே நடக்காததுபோல் நின்றுகொண்டது. ஃபில்டரின் அடிக்கிண்ணமான பவுலைக் கழற்றினால், உள்ளே காற்றை வடிகட்டும் எலிமென்ட் டிகாஷன் நிறத்தில் இருந்தது. புதிது போட்டதும் அலாரம் நின்றுவிட்டது. அது ஏன் 10 மணிக்கு மட்டும்? மற்ற மிஷின்களும் ஓடத் தொடங்கி, மெயின் லைனிலேயே அரைக் கிலோ இறங்கும் நேரம் அது. அடைத்த எலிமென்ட் தின்றது போக மிச்சமிருந்த அழுத்தம் அதுவரை எப்படியோ போதுமானதாக இருந்திருக்கிறது.

காற்று ஓடாமல் நிற்கும்போது, முக்கால்வாசி அடைத்த ஃபில்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அழுத்தம்தான் இருக்கும். காற்று ஓடினால்தான் அடைப்பு தெரியும். அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும், மிஷின் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஊசி என்ன செய்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

(கிலோ என்று நான் எழுதுவது பட்டறையில் சொல்கிற கிலோ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. ஏறக்குறைய ஒரு பார், பிஎஸ்ஐ-யில் 14.2.)

கை வைக்கும் முன்

யூனிட்டுக்கு முன்னால் உள்ள வால்வை மூடுங்கள், உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றுங்கள், ஊசி பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்த பிறகு பவுலைத் திருகுங்கள். சின்ன பவுல்தானே என்று தோன்றும். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள பவுலில் 6 கிலோ அழுத்தம் நின்றால், அதன் அடிப்பாகத்தைத் தள்ளும் விசை கிட்டத்தட்ட 170 கிலோ. முகத்துக்கு நேரே வைத்துக் கழற்றுகிற சமாச்சாரம் இல்லை.

பவுல் கையால் கழன்று வரவில்லை என்றால் பைப் ரெஞ்சு எடுக்காதீர்கள். பெரும்பாலும் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம்.

வேலை நடக்கும்போது பிரஷர் விழுகிறது

இதற்கு இரண்டு கேஜ் வேண்டும். ரெகுலேட்டர் மேல் இருக்கும் கேஜ் வெளியே போகும் அழுத்தத்தை மட்டும்தான் காட்டும். உள்ளே வரும் அழுத்தத்தைப் பார்க்க, ஃபில்டருக்கு முன்னால் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு இன்னொரு கேஜ் மாட்டிக்கொள்ளுங்கள். நிரந்தரமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அதன் விலை ஒரு மிஷின் கால் மணி நேரம் நிற்பதைவிடக் குறைவு.

மிஷினை ஓட்டிப் பாருங்கள். இரண்டு ஊசியும் சேர்ந்து விழுந்தால் எஃப்ஆர்எல் மேல் பழி இல்லை. கம்ப்ரசர் போதவில்லை, அல்லது மெயின் பைப் ஒல்லி, அல்லது பக்கத்தில் யாரோ காற்றுத் துப்பாக்கியால் தரையை ஊதிப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் உள்ள ஊசி நின்று, பின்னால் உள்ளது மட்டும் விழுந்தால் கோளாறு இந்த யூனிட்டுக்குள். முதலில் எலிமென்டை மாற்றுங்கள். எலிமென்டை எடுத்துவிட்டுச் சும்மா ஓட்டிப் பார்க்கலாமே என்று சிலர் கிளம்புவார்கள், வேண்டாம். அந்த ஐந்து நிமிடத்தில் போகிற துரு, மின்சாரத்தில் திறந்து மூடும் சொலினாய்டு வால்வுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எலிமென்ட் புதிதாக இருந்தும் விழுகிறதா? செட்டிங்கைப் பாருங்கள். லைனில் 6 கிலோ வருகிறது, ரெகுலேட்டரை 5.8-ல் வைத்திருக்கிறார்கள் என்றால் அது ரெகுலேட்டராகவே வேலை செய்யவில்லை, முழுக்கத் திறந்த குழாயாகத்தான் இருக்கிறது. உள்ளே வருவதற்கும் செட் செய்வதற்கும் நடுவில் ஒரு கிலோவாவது இடைவெளி இருக்கட்டும்.

அதுவும் சரியாக இருந்தால் யூனிட் சின்னது. இங்கேதான் வாங்கும்போது நடக்கும் தப்பு வந்து நிற்கிறது. கடையில் போய் "அரை இஞ்ச் எஃப்ஆர்எல் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கிவிடுகிறோம். அரை இஞ்ச் என்பது நூல் அளவு. ஒரே நூல் அளவில் இரண்டு மூன்று பாடி சைஸ் வரும், ஒவ்வொன்றிலும் போகிற காற்று வேறு. கேட்க வேண்டியது: 6 கிலோ உள்ளே வந்து 5-ல் செட் செய்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகும்போது அழுத்தம் எவ்வளவு விழும்? எந்த நல்ல கம்பெனி கேட்டலாக்கிலும் இதற்கு ஒரு வளைகோடு இருக்கும்.

நமக்கு எத்தனை லிட்டர் தேவை என்பதைக் கணக்குப் போடும்போதும் ஒரு பொறி இருக்கிறது. 63 மில்லிமீட்டர் போர் (உள்விட்டம்), 200 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (ஒரு தடவை நகரும் தூரம்), நிமிடத்துக்கு 20 தடவை போய்வருகிற ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு ஸ்ட்ரோக்குக்கு 0.62 லிட்டர். போக 20, வர 20, மொத்தம் சுமார் 25 லிட்டர். 6 கிலோவில் அது வெளிக்காற்றுக் கணக்கில் ஏழு மடங்கு, ஆக நிமிடத்துக்கு 175 லிட்டர். கம்ப்ரசருக்கு இந்தக் கணக்கு போதும். எஃப்ஆர்எல்-க்குப் போதாது. சிலிண்டர் அரை நொடியில் பாய்கிறது என்றால், அந்த அரை நொடிக்கு நிமிடத்துக்கு 520 லிட்டர் வேகத்தில் காற்று வேண்டும். மூன்று மடங்கு. சராசரியைப் பார்த்து வாங்கிய யூனிட் இந்த அரை நொடியில்தான் மூச்சுத் திணறும். மிஷினில் எல்லா சிலிண்டரும் ஒரே நேரத்தில் ஓடாது. எவை சேர்ந்து ஓடுகின்றனவோ அவற்றை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. அரை இஞ்ச் யூனிட் வாங்கி, அதற்குப் பின்னால் 8 மில்லிமீட்டர் டியூபும் ஒரு குவிக் கப்ளரும் போட்டிருந்தால், நெரிசல் அங்கேதான் இருக்கிறது.

ஃபில்டர் இருந்தும் தண்ணீர் மிஷினுக்குள் வருகிறது

ஐப்பசி, கார்த்திகை மழையில் எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான். "புது ஃபில்டர் போட்டும் தண்ணி வருதுங்க, டூப்ளிகேட் குடுத்துட்டாங்களா?"

ஃபில்டர் தண்ணீரைத்தான் பிடிக்கும். ஆவியைப் பிடிக்காது. காற்று உள்ளே வந்ததும் சுழலவிடுகிற தகடு ஒன்று இருக்கும். அந்தச் சுழற்சியில் துளிகள் பவுல் சுவரில் மோதி வழிந்து அடியில் சேரும். ஆவியாக இருக்கும் ஈரம் சுழன்றாலும் துளியாகாது, எலிமென்ட் வழியாக அப்படியே போய், குளிர்ந்த இடத்தில் தண்ணீராகிவிடும். 5 மைக்ரான் போட்டாலும் 0.01 மைக்ரான் போட்டாலும் இதில் மாற்றம் இல்லை.

எவ்வளவு தண்ணீர் என்று பார்த்தால் தலை சுற்றும். 100 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 100 கன அடி) கம்ப்ரசர் மணிக்குச் சுமார் 170 கன மீட்டர் காற்றை உறிஞ்சுகிறது. 30 டிகிரி வெயில், 75 சதவீத ஈரப்பதம் என்றால் ஒவ்வொரு கன மீட்டரிலும் 23 கிராம் அளவுக்கு ஈரம். மணிக்கு நான்கு லிட்டரை நெருங்குகிறது. 7 கிலோவுக்கு அழுத்தி 35 டிகிரிக்கு ஆற்றினால் அதில் மூன்று லிட்டர் கூலரிலும் டேங்கிலும் தண்ணீராக இறங்கிவிடும். மிச்சம் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம், ஆவியாகவே லைனுக்குள் போகும். லைனில் போகப்போக 28 டிகிரிக்கு ஆறினால் அதிலும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீராகும். 8 மணி நேர ஷிஃப்டுக்கு இரண்டு லிட்டர், நேரே மிஷின்களின் வாசலில்.

ஆகவே பார்க்க வேண்டிய வரிசை இப்படி. டேங்க் டிரெய்னைத் தினமும் திறக்கிறார்களா? டேங்கில் பாதி தண்ணீர் நின்றால் எந்த ஃபில்டரும் தாங்காது. மிஷினுக்கு வரும் கிளையை மெயின் பைப்பின் அடியிலிருந்து எடுத்திருக்கிறார்களா? அப்படியென்றால் பைப்பில் ஓடும் தண்ணீர் எல்லாம் உங்களுக்குத்தான். மேலிருந்து எடுத்து, அன்னத்தின் கழுத்துபோல் வளைத்துக் கீழே இறக்க வேண்டும். மெயின் பைப் ஓட்டத் திசையில் 100-க்கு 1 சரிவாவது இருந்து, கடைசியில் ஒரு டிரெய்ன் இருக்க வேண்டும்.

அப்புறம் யூனிட்டையே பாருங்கள். பவுலில் தண்ணீர் எலிமென்டுக்கு அடியில் உள்ள நடுத்தகட்டைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் சேர்வதைக் காற்று வாரிக்கொண்டு போகும். பாடியில் இருக்கும் அம்புக்குறி காற்று போகும் திசையில் இருக்கிறதா? திசை மாற்றி மாட்டிய யூனிட்டை நான் ஒன்றல்ல, பல பார்த்திருக்கிறேன். சுவருக்கு வாட்டமாக இருக்கட்டும் என்று ஃபிட்டர் திருப்பிப் போட்டுவிடுவார். ஃபில்டர் பாடியைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காற்று இன்னும் ஆறவில்லை. கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறீர்கள். மிஷினுக்குப் பக்கத்தில், காற்று ஆறி முடிந்த இடத்தில் மாட்டினால் அதே ஃபில்டர் அதிகத் தண்ணீரைப் பிடிக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் பெயின்ட் கன், பவுடர் கோட்டிங், அளவு பார்க்கும் ஏர் கேஜ் போன்றவற்றில் ஈரம் தெரிகிறது என்றால் டிரையர் வாங்குவதைத் தவிர வழி இல்லை. ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் டியூ பாயிண்டை, அதாவது ஆவி தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலையை, 3 டிகிரி வரை இறக்கும். நம்மூர் பட்டறைக்குள் எந்தப் பைப்பும் 3 டிகிரிக்குக் குளிரப்போவதில்லை.

ரெகுலேட்டரின் கழுத்தில் புஸ்ஸென்று காற்று போகிறது

உடனே "டயாஃப்ரம் கிழிஞ்சிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். (டயாஃப்ரம் என்பது உள்ளே அழுத்தத்துக்கு ஏற்ப அசையும் சவ்வு.) மூன்று காரணங்கள் உண்டு, ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

நாம் வாங்கும் ரெகுலேட்டர்களில் பெரும்பாலானவை ரிலீவிங் வகை. டயாஃப்ரத்தின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை, அதை வால்வு தண்டின் நுனி அடைத்துக்கொண்டிருக்கும். வெளிப்பக்க அழுத்தம் செட்டிங்கைத் தாண்டினால் டயாஃப்ரம் மேலே எழும்பி, அந்த ஓட்டை வழியாக அதிகப்படியான காற்று கழுத்துத் துளையில் போகும். நாப்பைக் குறைக்கும்போது ஒரு 'புஸ்' கேட்பது இதனால்தான், அது கோளாறு இல்லை.

விடாமல் போகிறது என்றால், முதலில் யூனிட்டுக்குப் பின்னால் உள்ள வால்வை மூடுங்கள். சத்தம் நின்றால் மிஷின் பக்கமிருந்து காற்று திரும்பி வருகிறது. எடை தாங்கி நிற்கும் சிலிண்டர், அல்லது அதிக அழுத்தமுள்ள வேறொரு லைன் எங்கேயோ சேர்ந்திருக்கிறது. ரெகுலேட்டரைக் கழற்றிப் பிரயோஜனம் இல்லை.

நிற்கவில்லையா? பின்பக்கக் காற்றை வெளியேற்றிவிட்டு, மறுபடி மூடி, நாப்பை முழுக்கத் தளர்த்துங்கள். ஸ்பிரிங் அழுத்தம் இல்லாதபோது கீழே வால்வு மூடியிருக்க வேண்டும், டயாஃப்ரத்துக்கு அடியில் காற்றே இருக்கக் கூடாது. அப்போதும் சத்தம் வந்தால் வால்வு சீட்டில் துரு, டெஃப்லான் டேப் பிசிறு ஏதோ சிக்கியிருக்கிறது. அடிப்பக்க மூடியைக் கழற்றி வால்வைத் துடைத்து, ரப்பரில் வெட்டு இல்லை என்றால் அப்படியே போடலாம். தளர்த்தினால் நின்று, இறுக்க இறுக்கச் சத்தம் கூடினால், ஆமாம், இப்போது டயாஃப்ரம்தான். கிட் வாங்கி மாற்றுங்கள்.

டெஃப்லான் டேப் பற்றி ஒரு வார்த்தை. நூலின் முதல் இரண்டு சுற்றை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். நான் வால்வு சீட்டிலிருந்து எடுத்த குப்பையில் துருவுக்கு அடுத்தபடி வெள்ளை டேப் பிசிறுதான்.

ரிலீவிங் இல்லாத வகையில் இதே சீட் கோளாறு சத்தமே போடாது. சாயந்தரம் 3-ல் வைத்துவிட்டுப் போன ஊசி காலையில் லைன் பிரஷரில் நிற்கும்.

நாப் சுற்றினாலும் அழுத்தம் மாறவில்லை, வைத்த இடத்தில் நிற்கவில்லை

நாப்பை மேலே இழுத்துப் பூட்டைத் திறந்தீர்களா? சிரிக்காதீர்கள், பூட்டியிருக்கும்போது பலங்கொண்டு திருகி உடைத்த நாப்கள் எல்லாப் பட்டறை டிராயரிலும் கிடக்கும். குறைக்க வேண்டும் என்றால் தேவைக்குக் கீழே இறக்கிவிட்டு, அங்கிருந்து ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் நகரும். 1.5 கிலோவில் வேலை என்றால் 10 கிலோ ஸ்பிரிங் உள்ள ரெகுலேட்டரில் துல்லியம் கிடைக்காது. 0 முதல் 4 வரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், கேஜும் அதற்கேற்ற அளவில்.

ஆட்டோ டிரெய்ன்: ஒன்று விடாமல் கசிகிறது, இல்லையென்றால் திறக்கவே இல்லை

பவுலில் சேரும் தண்ணீரைத் தானாக வெளியேற்றுவது ஆட்டோ டிரெய்ன். காலையில் கம்ப்ரசரைப் போட்டதும் அடியில் காற்று போய், அழுத்தம் ஒரு கிலோவைத் தாண்டியதும் நின்றால் அது இயல்பு. அந்த வகை காற்றில்லாதபோது திறந்தே இருக்கும். சின்ன கம்ப்ரசரில் இந்த வகையைப் போட்டால் கசிவை மீறி அழுத்தம் ஏறவே ஏறாது. அங்கே மூடியே இருக்கும் வகை வேண்டும். அழுத்தம் ஏறிய பிறகும் கசிந்தால் மிதவையின் சீட்டில் சேறு. சோப்புத் தண்ணீரில் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தண்ணீர் இறங்கவில்லை என்றால் வெளியே போகும் டியூபைப் பாருங்கள். பக்கெட் விளிம்புக்காக மேலே வளைத்து ஏற்றியிருப்பார்கள்.

இந்தக் கசிவை 'சின்னது' என்று விடாதீர்கள். 7 கிலோவில் 3 மில்லிமீட்டர் ஓட்டை நொடிக்குச் சுமார் 10 லிட்டர் காற்றைக் குடிக்கும். கம்ப்ரசர் மோட்டாரில் அது மூன்று கிலோவாட்டுக்கு மேல்.

பவுல் மங்கிவிட்டது, மெல்லிய கோடுகள் தெரிகின்றன

இதற்குச் சோதனை எதுவும் கிடையாது. லைனை மூடுங்கள், பவுலை மாற்றுங்கள், இன்றைக்கே.

பாலிகார்பனேட் பவுல் பார்ப்பதற்குக் கண்ணாடிபோல் கெட்டியாக இருக்கும். தின்னர், அசிட்டோன் பட்டால் சிலந்தி வலைபோல் நுண்விரிசல் விடும், ஒரு நாள் வெடிக்கும். ஒரு இடத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் எல்லா பவுலையும் தின்னரில் கழுவிப் பளபளவென்று மாட்டி வைத்திருந்தான். பாராட்டு வாங்க நின்றவனிடம் பதினொரு பவுலையும் குப்பையில் போடச் சொல்ல வேண்டியதாயிற்று. மிதமான சோப்புத் தண்ணீர் போதும், காரமான கிளீனர்கூட வேண்டாம். சில சிந்தெடிக் கம்ப்ரசர் ஆயில்களும், நூலில் விடும் லாக்கிங் பசையும் இதே வேலையைச் செய்யும். கம்ப்ரசர் காற்றை உறிஞ்சும் இடம் பெயின்ட் பூத்துக்குப் பக்கத்தில் இருந்தால் தின்னர் ஆவி உள்ளிருந்தே பவுலைத் தின்னும். அங்கும், 50 டிகிரியைத் தாண்டும் ஃபர்னஸ் பக்கமும் மெட்டல் பவுல் வாங்குங்கள். பிளாஸ்டிக் பவுல் என்றால் இரும்புக் கூடு இல்லாமல் ஓட்ட வேண்டாம்.

ஆயில் சொட்டவில்லை, அல்லது எங்கும் ஆயில்

சொட்டவில்லை என்றால் மூன்றையும் பாருங்கள்: ஆயில் இருக்கிறதா, ஊசித் திருகு திறந்திருக்கிறதா, அந்த லூப்ரிகேட்டருக்குப் போதுமான காற்று ஓடுகிறதா. பெரிய சைஸ் போட்டுவிட்டு ஒரு சின்ன சிலிண்டரை மட்டும் ஓட்டினால் சொட்டாது. ஆயில் ஐஎஸ்ஓ விஜி 32. என்ஜின் ஆயில் வேண்டாம்.

உண்மையைச் சொன்னால் இன்றைய பாதி மிஷின்களுக்கு லூப்ரிகேட்டரே தேவையில்லை. சிலிண்டர், வால்வு இரண்டும் கிரீஸ் போட்டே வருகின்றன. ஆனால் ஆயில் கொடுக்க ஆரம்பித்துவிட்டால் நிறுத்தக் கூடாது. அது பழைய கிரீஸைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். திருப்பூரில் துணி மேல் காற்று படுகிற எந்த லைனிலும், பவுடர் கோட்டிங்கிலும் லூப்ரிகேட்டர் இல்லாத ஃபில்டர் ரெகுலேட்டரை மட்டும் போடுங்கள். லூப்ரிகேட்டர் இல்லாமலே ஆயில் வந்தால் அது கம்ப்ரசரிலிருந்து வருகிறது. 5 மைக்ரானுக்குப் பின்னால் 0.01 மைக்ரான் கோலெசிங் ஃபில்டர் (நுண்ணிய ஆயில் துளிகளைச் சேர்த்துப் பிடிப்பது) போட வேண்டும். நேரே அதை மட்டும் போட்டால் சீக்கிரம் அடைத்துக்கொண்டு செலவு வைக்கும்.

எலிமென்ட் எப்போது மாற்றுவது

ஓட்டத்தில் இரண்டு கேஜுக்கும் நடுவில் 0.7 கிலோ வித்தியாசம் வந்துவிட்டால். ரெகுலேட்டரை முழுக்கத் திறந்து வைத்து அளந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். அந்த வித்தியாசம் வராவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு மேல் வைக்காதீர்கள். மாற்றிய தேதியை பாடி மேல் ஸ்டிக்கரில் எழுதுங்கள். கழுவிப் போடலாமா என்று கேட்பார்கள். வெண்கல எலிமென்டை மண்ணெண்ணெயில் கழுவி, முழுக்க உலர்த்திவிட்டுத் திரும்பப் போட்டிருக்கிறோம். கோலெசிங் எலிமென்டைக் கழுவினால் அது வெறும் ஓட்டை.

கேஜ் ஊசி பூஜ்யத்துக்கு வரவில்லை

காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகும் ஊசி 0.5-ல் நின்றால், அந்த கேஜை வைத்து இதுவரை பார்த்த எல்லாவற்றையும் புது கேஜ் மாட்டி இன்னொரு தடவை பாருங்கள். அந்தக் கணபதிப் பட்டறையில் இரண்டு மாதம் கழித்து மறுபடி அலாரம் வந்தது. எலிமென்ட் சுத்தமாக இருந்தது, ஊசியும் டூல் சேஞ்சில் கொஞ்சமும் ஆடவில்லை. கேஜைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால், அப்போதும் 6 காட்டிக்கொண்டிருந்தது.